கப்பல்ல 'டன்'னா எடை இல்லையா? டன்னேஜ் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்கா மாட்டிக்கிட்டு ஆறு நாள் நகராம நின்னுச்சே, அப்ப ஒரு செய்தியில 2 லட்சம் டன்னு போட்டாங்க, இன்னொண்ணுல 2 லட்சத்து 20 ஆயிரம், வேற ஒண்ணுல 2 லட்சத்து 65 ஆயிரம். இதுல எது சரி, எவன் அடிச்சு விடறான்னு என்கிட்ட கேட்டவங்க நிறைய. யாருமே அடிச்சு விடல, மூணுமே சரியான நம்பர்தான். ஆனா மூணும் மூணு வேற சமாச்சாரம். ஷிப்பிங் டாக்குமென்ட் பக்கமே பொழப்பு ஓடறதால இந்தக் கேள்வி என்னை விடாம துரத்துது, அதனால மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல, டன்னேஜ்னா என்ன?

ஒரு கப்பல் எவ்வளவு பெருசுங்கறதுக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். குழப்பம் எங்கன்னா, 'பெருசு'ங்கறதை எடையா பாக்கலாம், உள்ள இருக்கற இடமா பாக்கலாம், தூக்கற பாரமா பாக்கலாம். மூணுக்கும் இந்த ஃபீல்டுல ஒரே 'டன்'ஐத்தான் பேரா வெச்சிருக்காங்க. கிராஸ் டன்னேஜ் (கப்பலோட மொத்த இடம்), நெட் டன்னேஜ் (சரக்கும் பயணிகளும் இருக்கற இடம் மட்டும்) ரெண்டும் இடத்தைச் சொல்றது. டெட்வெயிட் (கப்பல் தூக்கற பாரம்), டிஸ்பிளேஸ்மென்ட் (கப்பலும் பாரமும் சேந்த எடை) ரெண்டும் நிஜமான எடை. இதை மட்டும் புடிச்சுக்கிட்டா மீதியெல்லாம் தானா வந்துடும்.

எடைக்கான வார்த்தை இடத்துக்கு எப்படிப் போச்சு?

கேள்வியே தலைகீழா இருக்கு. முதல்ல இடம்தான், எடை அப்புறம் வந்துச்சு. இங்கிலீஷ்ல 'டன்'ன்னா பழைய காலத்துல பெரிய மரப் பீப்பா. வைன் ஊத்தி வைக்கற பீப்பா. பழைய இங்கிலீஷ்ல 'டுன்னெ', இடைக்கால லத்தீன்ல 'டுன்னா', ஃபிரெஞ்சுல 'டொன்னோ', எல்லாமே பீப்பாதான். பீப்பாய்க்கு ஒரு ஸ்பெல்லிங், எடைக்கு ஒரு ஸ்பெல்லிங்னு பின்னாடி பிரிச்சுக்கிட்டாங்க, ஆனா காதுல கேக்கறது ரெண்டும் ஒண்ணுதான்.

ஒரு டன் பீப்பான்னா 252 வைன் காலன், நம்ம கணக்குல சுமார் 954 லிட்டர். அதோட பாதி ஒரு பைப், கால்வாசி ஒரு ஹாக்ஸ்ஹெட், எட்டுல ஒண்ணு பேரல். வைன் நிரம்பின பீப்பாவை மரத்தோட சேத்து எடை போட்டா 1000 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். இப்ப நாம டன்னு சொல்ற எடை அங்கேருந்து வந்ததுதான்.

சரி, பீப்பாய்க்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

ஃபிரான்ஸ்ல போர்தோ பக்கம் 1154லேருந்து 1453 வரைக்கும் இங்கிலாந்து ராஜாக்கள் கையில இருந்துச்சு. முந்நூறு வருஷம் அங்கேருந்து இங்கிலாந்துக்கு வைன் கப்பல் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒரு கப்பல் எவ்வளவு பெருசுன்னு கேட்டா அந்த ஆளுங்க அடி, கஜம்னு சொல்லல, 'இது நூறு டன் கப்பல்'னாங்க, அதாவது நூறு பீப்பா அடுக்கலாம்னு அர்த்தம். வண்டியை 'இத்தனை மூட்டை வண்டி'ன்னு சொல்றோம் இல்லையா, அதே பேச்சுதான்.

பீப்பா உருண்டையா இருக்கறதால அடுக்கும்போது இடுக்குல இடம் வீணாப் போகும், அதனால பீப்பாவுக்குள்ள இருக்கற அளவும் அது கப்பல்ல புடிக்கற இடமும் ஒண்ணு இல்ல. ஃபிரெஞ்சுக்காரங்க 1681ல போட்ட கடல் சட்டத்துல இதுக்கு ஒரு முடிவு கட்டினாங்க, ஒரு கடல் டன் 42 ஃபிரெஞ்சு கன அடின்னு. இப்போதைய கணக்குல 1.44 கன மீட்டர். ஆக ஒரே பேர்ல எடை டன் ஒண்ணு, இடம் டன் ஒண்ணுன்னு அப்பவே ரெண்டும் தனித்தனியா நடமாட ஆரம்பிச்சிருச்சு.

தமிழ்ல இப்படி ஏதாச்சும் வார்த்தை இருக்கா?

அட, நம்மகிட்ட இதைவிட அழகா இருக்கு. கலம்! உண்கலம்னா சாப்பிடற பாத்திரம், மரக்கலம்னா கப்பல், நெல்லு அளக்கும்போது கலம்னா பன்னெண்டு மரக்கால். பாத்திரம், கப்பல், அளவு மூணுமே ஒரே வார்த்தையில. உள்ள எதையாவது வெச்சுக்கற எதுக்கும் அந்தப் பேர்தான். இங்கிலீஷ்காரன் பீப்பாயில ஆரம்பிச்சு கப்பலுக்குப் போன பாதையை நம்மாளு ஒரே எட்டுல தாண்டிட்டான். நூறு டன் கப்பல்ங்கறதை 'நூறு கலம் புடிக்கற கலம்'னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, கேக்கறவனுக்குத் தலை சுத்தும், ஆனா இலக்கணம் சரிதான்.

டன்னேஜ்ங்கறது வரியோட பேராமே?

ஆமா. முதல்ல அது இறக்குமதியாகற வைனுக்கு ஒரு பீப்பாவுக்கு இவ்வளவுன்னு வாங்கற வரி. மத்த சரக்குக்கு பவுண்டேஜ். ரெண்டும் சேந்து 'டன்னேஜ் அண்ட் பவுண்டேஜ்'. இங்கிலாந்துல ராஜா பட்டத்துக்கு வந்ததும் ஆயுசுக்கும் வசூல் பண்ணிக்கோன்னு பார்லிமென்ட் குடுக்கறது வழக்கம். முதலாம் சார்லஸுக்கு மட்டும் 1625ல ஒரு வருஷத்துக்குத்தான் குடுப்போம்னாங்க, அவர் அதையெல்லாம் காதுல போட்டுக்காம வாங்கிக்கிட்டே இருந்தார். ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் முத்திப் போன சண்டையில இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

கப்பலை நிஜமா எப்படி அளந்தாங்க? ஒவ்வொரு பீப்பாவா அடுக்கியா?

அதெல்லாம் முடியாத காரியம். ஃபார்முலா போட்டாங்க. பிரிட்டன்ல 1773 சட்டப்படி கணக்கு இப்படி: நீளத்துலேருந்து அகலத்தோட அஞ்சுல மூணு பங்கைக் கழி, அதை அகலத்தால பெருக்கு, மறுபடி அகலத்துல பாதியால பெருக்கு, 94ஆல வகு. கப்பல் 100 அடி நீளம், 25 அடி அகலம்னு வெச்சுக்குங்க. 100லேருந்து 15 போனா 85. 85ஐ 25ஆல பெருக்கி, 12.5ஆல பெருக்கி, 94ஆல வகுத்தா 282 சொச்சம். அது 282 டன் கப்பல்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? ஆழம் எங்க? ஆழத்தை அளக்கவே இல்ல, அகலத்துல பாதிதான் ஆழம்னு அவங்களே வெச்சுக்கிட்டாங்க. கப்பல் கட்டறவன் சும்மா இருப்பானா? அகலத்தைக் குறைச்சு ஆழத்தைக் கூட்டிக் கட்டினான். கப்பல் 12 அடி ஆழமா இருந்தாலும் 20 அடி ஆழமா இருந்தாலும் பேப்பர்ல அதே 282 டன்தான், கட்டணமும் அதுக்குத்தான். ஆனா குறுகலா, ஆழமா, பெட்டி மாதிரி இருக்கற கப்பல் கடல்ல நல்லாவும் ஓடாது, காத்துக்கும் அலைக்கும் நிதானமாவும் நிக்காது. வரி மிச்சம் பண்ணப்போய் மோசமான கப்பலாக் கட்டித் தள்ளினாங்க. கப்பலோட வடிவத்தைக் கடல் மட்டும் தீர்மானிக்கல, டாக்ஸ் ஃபார்முலாவும் சேந்துதான் தீர்மானிச்சிருக்கு, எனக்கு இந்தச் சப்ஜெக்ட்ல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான்.

100 கன அடி ஒரு டன்னு சொல்றாங்களே, அது எங்கேருந்து?

ஜார்ஜ் மூர்சம்னு ஒருத்தர். அவர் முறையை 1854ல பிரிட்டன் சட்டமாக்கினாங்க. இனிமே குத்துமதிப்பு வேணாம், கப்பலோட உள்பக்கத்தைத் துண்டு துண்டா நிஜமா அளந்து மொத்தக் கன அளவு எடுன்னார். ஆனா திடீர்னு எல்லாக் கப்பலோட டன்னும் மாறிப்போனா வரி வாங்கறவனும் கத்துவான், கட்டறவனும் கத்துவான். அதனால நாட்டுல இருந்த கப்பலோட மொத்தக் கன அடியை ஏற்கெனவே பதிவான மொத்த டன்னால வகுத்துப் பார்த்தாங்க, 98 சொச்சம் வந்துச்சு. அதை 100ன்னு ரவுண்டு பண்ணிட்டாங்க. அதுதான் ரெஜிஸ்டர் டன், 2.83 கன மீட்டர். பீப்பாயோட சம்பந்தம் அன்னியோட அறுந்துபோச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. எடைன்னு நினைச்சீங்கன்னா, 100 கன அடி இடத்துல பஞ்சை அடைச்சாலும் ஒரு டன்தான், இரும்பை அடைச்சாலும் ஒரு டன்தான்.

இதுக்காக நாடுகளே சண்டை போட்டுக்கிச்சாமே?

சூயஸ்ல நடந்துச்சு. கால்வாய் கட்ட லெஸ்ஸெப்ஸ்ங்கற ஃபிரெஞ்சுக்காரருக்குக் குடுத்த அனுமதிப் பத்திரத்துல, 'கொள்ளளவு டன் ஒண்ணுக்கு அதிகபட்சம் 10 ஃபிராங்க்' வாங்கலாம்னு எழுதியிருந்துச்சு. கொள்ளளவு டன்னா எந்த டன்? அதை யாரும் எழுதி வைக்கல. 1869ல கால்வாய் திறந்தாச்சு, முதல்ல கம்பெனி நெட் டன்னுக்குத்தான் வசூல் பண்ணுச்சு, வரும்படி பத்தல. 1872ல லெஸ்ஸெப்ஸ் 'கொள்ளளவுன்னா கிராஸ்தான்'னு மாத்திட்டார். ரேட்டு ஒரு சென்டிம் கூட ஏறல, அதே 10 ஃபிராங்க்தான், ஆனா பில்லு எகிறிடுச்சு! கப்பல் முதலாளிங்க கொந்தளிச்சுட்டாங்க. 1873ல கான்ஸ்டான்டிநோபிள்ல பல நாட்டுப் பிரதிநிதிங்க உக்காந்து பேசி, நெட் டன்தான், அதை இப்படித்தான் அளக்கணும்னு விதி எழுதினாங்க. லெஸ்ஸெப்ஸ் அப்பவும் முரண்டு புடிச்சு, மேலேருந்து நெருக்கடி வந்தப்புறம் 1874ல வழிக்கு வந்தார். அந்த விதியிலேருந்து வந்ததுதான் சூயஸ் கால்வாய் டன்னேஜ், இன்னிக்கும் சூயஸ் போற கப்பலுக்குன்னு தனியா ஒரு டன்னேஜ் சர்ட்டிஃபிகேட் இருக்கு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுதாம கான்ட்ராக்ட் போட்டா என்ன ஆகும்னு புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்றது.

கப்பல்ல வேணும்னே ஓட்டை போட்டாங்கன்னு சொல்றது உண்மையா?

உண்மை, சத்தியமா உண்மை. பழைய விதிப்படி 'திறந்த இடம்' டன் கணக்குல வராது. அதனால மேல் டெக்குல ஒரு சின்னத் திறப்பு விட்டு, அதை நிரந்தரமா மூடாம பலகையை வெச்சுக் கட்டிட்டு, 'இந்த டெக்குக்கும் அதுக்கு அடுத்த கீழ் டெக்குக்கும் நடுவுல இருக்கற முழு இடமும் திறந்த இடம்'னு சொல்லிடுவாங்க. உள்ள சரக்கு அடைச்சிருக்கும், ஆனா பேப்பர்ல அந்த இடமே இல்ல. அந்தத் திறப்புக்குப் பேரே டன்னேஜ் ஓப்பனிங். தண்ணி உள்ள வர்றதுக்கு வழி விட்டுக் கப்பல் கட்டறதுன்னா கேக்கவே ஒரு மாதிரிதான் இருக்கு.

அதே மாதிரி, சட்டம் 500 டன்லேருந்து கறாராகும்னா 499 டன்ல கப்பல் கட்டுவாங்க. பாராகிராஃப் கப்பல்னு அதுக்குப் பேரு, சட்டத்தோட பாராவைப் பார்த்துக் கட்டினதால.

இப்ப என்ன முறை?

1969ல லண்டன்ல ஒரு சர்வதேச உடன்படிக்கை போட்டாங்க, 1982 ஜூலை 18ல அமலுக்கு வந்துச்சு. பழைய கப்பலுக்கு 12 வருஷம் டைம் குடுத்து 1994 ஜூலை 18ஓட முடிச்சாங்க. 24 மீட்டரும் அதுக்கு மேலயும் நீளமா இருந்து வெளிநாடு போற கப்பலுக்கெல்லாம் இதுதான். ஓட்டை விளையாட்டு காலி, மூடின இடம் எல்லாமே கணக்குல வந்துடும்.

ஃபார்முலா சிம்பிள்தான். கப்பலுக்குள்ள மூடின இடம் மொத்தம் எத்தனை கன மீட்டர்னு எடு. அதோட லாக் மதிப்பை (மடக்கை, 10 அடிமானம்) 0.02ஆல பெருக்கி 0.2ஐக் கூட்டு. வர்ற நம்பரால கன அளவைப் பெருக்கு. உதாரணத்துக்கு 1,00,000 கன மீட்டர்: லாக் 5, அதை 0.02ஆல பெருக்கினா 0.1, கூட 0.2, ஆக 0.3. கிராஸ் டன்னேஜ் 30,000. இதையே 10,000 கன மீட்டர் கப்பலுக்குப் போட்டா பெருக்கற எண் 0.28தான், 2,800 வரும். கப்பல் பெருசாக ஆக அந்த எண் மெல்ல ஏறும். இன்னொண்ணு, இந்த கிராஸ் டன்னேஜுக்கு யூனிட்டே கிடையாது. '30,000 கிராஸ் டன்'னு எல்லாரும் சொல்றோம், நானும்தான் சொல்றேன், ஆனா சர்ட்டிஃபிகேட்ல நம்பர் மட்டும்தான் இருக்கும்.

நெட் டன்னேஜ் சரக்கும் பயணிகளும் இருக்கற இடத்தை வெச்சு வர்றது. என்ன கணக்கு போட்டாலும் கிராஸ்ல 30 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாதுன்னு விதி இருக்கு. முன்ன பட்டவங்க எழுதின விதி போல.

அப்ப எவர் கிவனுக்கு எந்த நம்பர் எது?

கிராஸ் டன்னேஜ் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம், இது இடம். டெட்வெயிட் சுமார் 2 லட்சம் டன், இது அந்தக் கப்பல் தூக்கக்கூடிய மொத்த பாரம். சரக்கு மட்டும் இல்ல, எரிபொருள், குடிதண்ணி, பாலாஸ்ட் தண்ணி, ஆளுங்க, அவங்க சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இதுல அடக்கம். டிஸ்பிளேஸ்மென்ட் சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் டன், இது கப்பலும் முழு பாரமும் சேந்த எடை, அதாவது அது தள்ளற தண்ணியோட எடை. இதுலேருந்து டெட்வெயிட்டைக் கழிச்சா வெறும் கப்பலோட எடை வரும், அதை லைட் டன்னு சொல்லுவாங்க, பழைய கப்பலை உடைக்க வாங்கறவங்க ரேட்டு பேசறது அந்த டன்னுக்குத்தான். சும்மா 'இது எத்தனை டன்'னு கேட்டா பதில் சொல்றதுக்கு முன்னாடி 'எதுக்குக் கேக்கறீங்க'ன்னுதான் நான் கேப்பேன். கன்டெய்னர் கப்பலைப் பத்திப் பேசும்போது ஆளுங்க டன்னையே விட்டுட்டு டிஇயூதான் (20 அடி கன்டெய்னர் எத்தனை ஏத்தலாம்ங்கற கணக்கு) சொல்லுவாங்க, எவர் கிவன் 20,124 டிஇயூ.

கிராஸ் டன்னேஜ் பெருசா இருந்தா கனமான கப்பல்தானே?

இல்லவே இல்ல, பேப்பர்ல வர்ற தப்புல பாதி இதுதான். கார் ஏத்தற கப்பலைப் பாருங்க, பத்துப் பன்னெண்டு மாடி, உள்ள பூரா காத்தோட்டமான இடம், கார் என்ன பெரிய எடை? அதனால கிராஸ் 60,000 இருக்கும், டெட்வெயிட் 20,000 பக்கம்தான். கச்சா எண்ணெய் ஏத்தற பெரிய டேங்கர் அப்படியே எதிர், டெட்வெயிட் 3 லட்சம்னா கிராஸ் ஒண்ணரை லட்சத்தைத் தாண்டி இருக்கும், அவ்வளவுதான். சீவைஸ் ஜயன்ட்னு ஒரு ராட்சச டேங்கர் இருந்துச்சு, டெட்வெயிட் 5,64,763 டன், கிராஸ் 2 லட்சத்து 60 ஆயிரம் பக்கம். இப்ப ஓடற பெரிய சொகுசுக் கப்பல் ஐகான் ஆஃப் தி சீஸ் கிராஸ் சுமார் 2.5 லட்சம், உடனே '2.5 லட்சம் டன் எடையுள்ள கப்பல்'னு தலைப்பு வந்துடுது. அது எடை இல்லய்யா, ரூம், தியேட்டர், நீச்சல்குளம் எல்லாத்தையும் சுத்தி இருக்கற இடம். டைட்டானிக்குக்கும் இதே கதைதான், எல்லாரும் சொல்ற 46,328 அதோட ரெஜிஸ்டர் டன், எடை வேணும்னா 52,310 டன்.

நான் ஆறு பெட்டி அனுப்பறேன், எடை 600 கிலோதான், எட்டு டன்னுக்கு பில் போட்டிருக்காங்க. ஏமாத்தறாங்களா?

உங்க பெட்டிங்க மொத்தம் 8 சிபிஎம், அதாவது 8 கன மீட்டர் இருக்கும், அளந்து பாருங்க. பாதி கன்டெய்னர், கால் கன்டெய்னர்னு அனுப்பற சரக்குக்கு எடை டன்னா, கன மீட்டரான்னு பார்த்து எது அதிகமோ அதுக்குத்தான் காசு. ஃபோம் மெத்தை 8 கன மீட்டர், 600 கிலோன்னா 8 டன்னுதான் பில். டைல்ஸ் 3 கன மீட்டர், 5 டன் எடைன்னா 5. முன்னாடி இதுக்கு 40 கன அடி ஒரு டன்னு கணக்கு இருந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல நானே ஒரு தடவை எடையை மட்டும் பார்த்து கொட்டேஷன் குடுத்துட்டு, பில்லு வந்தப்புறம் கஸ்டமர் முன்னாடி முழிச்சிருக்கேன். பெட்டி அட்டையில இருக்கற அளவை மட்டும் நம்பாதீங்க, பேலட்டோட சேத்து டேப் வெச்சு அளந்துடுங்க, பேலட் உயரமும் கணக்குல வரும்.

எடை டன்னுலயும் ரெண்டு மூணு இருக்காமே?

இருக்கு. மெட்ரிக் டன் 1000 கிலோ. பிரிட்டிஷ் லாங் டன் 2,240 பவுண்டு, அதாவது 1,016 கிலோ. அமெரிக்க ஷார்ட் டன் 2,000 பவுண்டு, 907 கிலோ. பழைய கப்பலோட எடையெல்லாம் லாங் டன்ல இருக்கும். கான்ட்ராக்ட்ல வெறும் 'டன்'னு இருந்தா எந்த டன்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, 10,000 டன் சரக்குல லாங்குக்கும் ஷார்ட்டுக்கும் சுமார் 1,089 மெட்ரிக் டன் வித்தியாசம்.

'மார்க்கெட்ல டன்னேஜ் டைட்டா இருக்கு'ன்னு புரோக்கருங்க சொல்றாங்களே?

அங்க டன்னேஜ்னா கப்பலுங்க. வாடகைக்குக் கப்பல் கிடைக்கலன்னு அர்த்தம்.

டனல்ங்கற வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் அதே பீப்பாதான். பழைய ஃபிரெஞ்சுல சின்னப் பீப்பாயைச் சொல்ற வார்த்தையிலேருந்து, பறவை புடிக்கற குழாய் மாதிரி வலைக்குப் பேராகி, அப்புறம் புகை போற குழாய்க்குப் பேராகி, கடைசியில மலையைக் குடைஞ்ச வழிக்கு வந்து நின்னுச்சு.